மிதித்த காலை எடுக்காதே

போன மாதம் எங்கள் சங்கத்தின் பயிற்சி வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், நாங்கெல்லாம் இப்ப வீடியோ கால்லயே சர்வே முடிச்சிடறோம். ஓனர் போனைத் தூக்கிக் காட்டினா போதும். நீங்க எதுக்கு அந்தக் காலத்துல வெயில்ல அவ்ளோ அலைஞ்சீங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேலையில் இருந்த நாளில் கேட்டிருந்தால் அவளை ஒரு வழி பண்ணியிருப்பேன். ரிட்டயரான பிறகு கோபம் கொஞ்சம் மெதுவாகத்தான் கிளம்புகிறது. அவளுக்கு அன்றைக்கு உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததில், பதிலாகச் சொல்ல ஒரு பெடல் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மோட்டார் சர்வேயர். நிலம் அளப்பவள் இல்லை. திருமுல்லைவாயிலில் இன்னும் சில பேர் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். விபத்தில் அடிபட்ட வண்டியைப் பார்த்து, எதனால் அடிபட்டது, எவ்வளவு சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தருவது என் வேலை. ஆட்டோமொபைலில் டிப்ளமோ படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் கொஞ்ச காலம் கையில் கிரீஸோடு நின்றேன். அங்கே ஒரு நாள் அடிபட்ட லாரியைப் பார்க்க வந்தவர்தான் வேலுச்சாமி சார். நான் சொன்ன ஏதோ ஒரு பதில் பிடித்துப்போய், "அம்மணி, நம்மகூட வந்துருங்க" என்றார். போய்விட்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும்.

வேலுச்சாமி சார் பொள்ளாச்சிப் பக்கம். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை குறையும். இவருக்குக் கூடும். சந்தோஷமாக இருந்தால் "அம்மணி", "சாமி". முகம் சிவந்துவிட்டால் "மேடம், தாங்கள் சற்றே விலகி நிற்க இயலுமா?" அந்தத் 'தாங்கள்' காதில் விழுந்தால் மெக்கானிக் ஷெட்டில் ஆள் ஆளுக்குப் பறப்பார்கள்.

அவர் வண்டி பார்க்கும் விதமே தனி. அடிபட்ட இடத்தை முதலில் பார்க்க மாட்டார். நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார், காய்ச்சல் பார்ப்பதுபோல. விற்கிற வண்டியாக இருந்து, பானெட் சூடாக இருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவார். "நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்கான். குளுந்த இஞ்சின் என்ன பேசும்னு நமக்குத் தெரியப்படாதுன்னு நெனைக்கிறான்." அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை என்ன கழுவினாலும், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டை யாரும் கழுவ மாட்டார்கள். சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம். தகரத்தில் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. இத்தனையும் முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. "வண்டியைப் பத்தி மட்டும் பேசோணும் அம்மணி. ஆளைப் பத்திப் பேசறதுக்கு ஊர்ல ஏகப்பட்ட பேர் இருக்கறாங்க."

இந்தச் சட்டத்துக்கு வந்த சோதனைதான் ஏழுமலையின் கார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் கோவில்பதாகையில் வயல்கள் மனையாக மாறிக்கொண்டிருந்தன. முனுசாமி என்று ஒரு விவசாயி, தன் நிலத்தில் ஒரு துண்டை விற்றார். ஒரே பையன் ஏழுமலை, பத்தொன்பது வயது. லைசென்ஸ் வாங்கி மை காயவில்லை. அவன் கேட்டது ஒரு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, நீளமான மூக்கு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வண்டிக்கு அவனைவிட வயது அதிகம். யாரோ ஒரு துரை ஓட்டி, யார் யார் கையோ மாறி, கடைசியில் பூந்தமல்லியில் ஒரு ஷெட்டில் தூசி படிந்து கிடந்ததாம். ஊரில் அதற்குத் 'தவளை வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முனுசாமிக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் ஒற்றைப் பிள்ளை, வாங்கிக் கொடுத்தார்.

வாங்கிச் சில மாதங்களில், தாய்மாமன் கன்னியப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஏழுமலை பூந்தமல்லிக்குக் கிளம்பினான். வழியில் முன்னால் போன லாரி மெதுவாக நிற்க, இவனும் பிரேக்கை மிதித்தான். வண்டி வேகம் குறைந்தது. பிறகு குறையவில்லை. லாரிக்கு அடியில் போகாமல் இருக்க இடப்பக்கம் ஒடித்ததில் புளியமரத்தில் மோதியது. ஏழுமலைக்கு நெற்றியில் காயம். கன்னியப்பனுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

"பிரேக் புடிக்கல" என்று பையன் சொன்னான். ஒருத்தர்கூட நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது. வந்தவர் எல்லோரும் வண்டிக்குள் தலையை விட்டு பிரேக்கை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார்கள். கல் மாதிரி நின்றது! அரசாங்கத்திலிருந்து பார்க்க வந்தவர் மிதித்தார், நின்றது. மெக்கானிக் மிதித்தார், நின்றது. எங்கும் ஒரு சொட்டு பிரேக் ஆயில் ஒழுகவில்லை. ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. 'ரேஸ் உட்டுக்கினு போயிருக்கான். மாமன் காலை ஒடச்சிட்டு பிரேக்கு மேல பழி போடறான்.'

இரண்டு மாதம் கழித்து நானும் வேலுச்சாமி சாரும் போனபோது வண்டி முனுசாமி வீட்டு வைக்கோல் போருக்குப் பக்கத்தில், மூக்கு நசுங்கி நின்றது. முனுசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பையன் மாட்டுக் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றான். இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

"சோறு மட்டும் போடறேன்மா," என்றார் முனுசாமி, என்னைப் பார்த்து, பையன் காதில் விழ. "வேகமா போனேன், தப்பு பண்ட்டேன்னு சொல்லட்டும், உட்டுட்றேன். வயசுப் புள்ள, யாரு போவல? ஆனா பொய்யி சொல்றான் பாரு, அதான் எனக்கு ஆவல. என் வமுசத்துல பொய்யி கெடையாது."

"நான் பொய் சொல்லல நைனா," என்றான் பையன். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல். அவன் பக்கம் ஒரு வார்த்தை பேச வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சட்டம்.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன். ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து என்று எழுதினால் குடும்பத்துக்குப் பிரச்சினையே இல்லை. இன்சூரன்ஸ் என்பதே அதற்குத்தானே! பிரேக் கெட்டுப்போய் இருந்தது என்று எழுதினால்தான் வம்பு. வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று கம்பெனி கையை விரிக்கலாம். அதாவது பையன் பொய்யன் என்றால் பணம் வரும். பையன் சொன்னது நிஜம் என்றால் பணம் வராமல் போகலாம். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட கேஸ் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

வேலுச்சாமி சார் பானெட்டைத் தொட்டார். அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து பையனிடம் கேட்டார். "சாமி, எப்படி மிதிச்சீங்க? டப்புனு மிதிச்சீங்களா, மெல்ல மிதிச்சீங்களா?"

"லாரி ஸ்லோவா தான் சார் நின்னுச்சு. நானும் ஸ்லோவா மிதிச்சுகினே போனேன். மொதல்ல புடிச்சிது. அப்புறம் கால் அப்டியே உள்ள போய்டுச்சு சார்."

யாரும் இந்தக் கேள்வியை அதுவரை அவனிடம் கேட்கவில்லை. வேலுச்சாமி சார் என்னைப் பார்த்தார். "அம்மணி, உள்ள உக்காருங்க. பிரேக்கை மிதிங்க. மிதிச்ச காலை எடுக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும்."

மிதித்தேன். கல். ஏற்கெனவே பார்த்ததுதானே என்று முனுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சார் கதவில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார். வண்டியைப் பற்றி அல்ல. அவர் வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தைப் பற்றி! துவரம்பருப்பை எப்படி வறுக்க வேண்டும், சின்ன வெங்காயம் எவ்வளவு, மெட்ராஸ் வந்த பிறகு அந்த ருசி ஏன் வரவில்லை, தண்ணீர் காரணமா, அவர் மனைவி காரணமா. எனக்குக் கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. இந்த மனுஷனுக்கு என்ன கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைத்தேன். "மேல கொஞ்சம் நெய் ஊத்தோணும் அம்மணி, அதை மறந்துட்டா போச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் கால் நகர்ந்தது.

நான் நகர்த்தவில்லை. பெடல் தானாக இறங்கியது. மெல்ல, சத்தமே இல்லாமல், தரை வரைக்கும்.

"சார்," என்றேன்.

"எறங்குதா?"

"இறங்கிடுச்சு சார்."

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; அங்கேயே அதைக் கழற்றினோம். அதற்குள்ளே ஒரு சின்ன ரப்பர் கப் இருக்கும். மிதிக்கும்போது ஆயிலைப் பின்னால் போகவிடாமல் தடுப்பது அதுதான். வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடந்ததில் அதன் உதடு தேய்ந்து, கெட்டியாகி, வெடித்திருந்தது. டப்பென்று மிதித்தால் பிடிக்கும். மெல்ல மிதித்துக் காலை வைத்திருந்தால் ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவிப் பின்னால் போய்விடும். வெளியே ஒழுகாது. மறுபடி மிதித்தால் மறுபடி கல் மாதிரி நிற்கும். சோதித்தவர்கள் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நானும் தனியாகப் போயிருந்தால் ஒரு மிதி மிதித்துவிட்டு வந்திருப்பேன்.

காலை எடுத்து இன்னொரு முறை மிதித்திருந்தால் வண்டி நின்றிருக்கும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

வேலுச்சாமி சார் அந்த ரப்பரை முனுசாமியின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் சொன்னார். "உங்க பையன் சொன்னது நெசமுங்க. ஆனா நான் இதை எழுதினா உங்களுக்குப் பணம் வர்றது சந்தேகமுங்க. எழுதாம இருக்க என்னால முடியாதுங்க."

முனுசாமி அந்த ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். "அடப்பாவி," என்றார், மகனைப் பார்த்து. "ரெண்டு மாசமா உன் மூஞ்சப் பாக்காம துன்னுகினு இருந்தேனேடா." மகனின் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். பையன் விக்கி விக்கி அழுதான். முனுசாமி எங்கள் பக்கம் திரும்பாமலே சத்தமாகச் சொன்னார். "எழுதிக்க சார்! துட்டு வந்தா வருது, வராட்டி போவுது. என் புள்ள பொய்யி சொல்லலன்னு பெருசா எழுதிக்க!"

பிள்ளை பொய் சொல்லவில்லை என்றெல்லாம் சர்வே ரிப்போர்ட்டில் எழுத முடியாது. 'வெளியிலிருந்து பார்த்து அறியக்கூடிய பழுது அல்ல' என்று எழுதினோம். கம்பெனி இழுத்தடித்து, கேட்டதில் பாதி கொடுத்தது. திரும்பி வரும்போது வேலுச்சாமி சார் மொபெட்டை நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். அவர் கைக்காசில் எனக்கு வாங்கித் தந்த ஒரே பொருள் அதுதான்.

இதெல்லாம் பழைய கதை. இனி இந்த வருஷத்துக் கதை.

தை மாதம் ஒரு காலை, ஏழுமலை போன் செய்தான். எத்தனையோ வருஷமாக எனக்குப் பொங்கல் வாழ்த்து சொல்லாமல் இருந்ததில்லை, அதனால் தொடர்பு விடவில்லை. ஆவடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். இந்த முறை வாழ்த்தோடு நிறுத்தவில்லை.

"மேடம், ஒரு ஹெல்ப்பு. என் பொண்ணு தாரணி ஒரு காரு வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"வாங்கிக் கொடேன். இதுல நான் என்ன பண்ண?"

"பழைய ஸ்போர்ட்ஸ் காரு மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தனை வயசு அவளுக்கு?"

"பத்தொம்போது."

வாய்விட்டே சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "பணம் யார் தராங்க தெரியுமா? அவ சேத்து வச்சது பாதி. மீதி கன்னியப்பன் மாமா தராராம்! கால் ஒடஞ்ச மனுசனே குடுக்கறாரு மேடம், நான் எங்க போய் முட்டிக்கிறது? நீங்க வந்து ஒரே ஒரு தபா பாத்துட்டு, கண்டிஷன் சரியில்ல, வேணாம்னு சொல்லிடுங்க. உங்க வார்த்தைன்னா எங்க ஊட்ல மறுபேச்சு கெடையாது."

இந்த இடத்தில்தான் ரிட்டயர்மென்ட் பொறுமை பறந்தது. "ஏன்டா, வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாலேயே வேணாம்னு சொல்லணுமா? என் வார்த்தைக்கு உங்க வீட்டுல எப்படி மரியாதை வந்துச்சுன்னு மறந்துட்டியா? உனக்கு ஒரு நியாயம், உன் பொண்ணுக்கு ஒரு நியாயமா?"

தழைந்த குரலில் சொன்னான். "நான் பொய் சொல்லலன்னு ஊருக்குத் தெரிஞ்சிச்சு மேடம். ஆனா மாமா கால் ஒடஞ்சது ஒடஞ்சதுதானே. அன்னைக்கு உட்ட ஸ்டியரிங்கை நான் இன்னிக்கி வரைக்கும் தொடல. எனக்கு பயமா கீது."

அந்த விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. ஸ்கூட்டர், ரயில், ஆட்டோ என்றே இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறான். கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும், "வரேன். வண்டி என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வெளிநாடு போவதால் விற்கிறார். ஜப்பான் கார், இரண்டு கதவு, வெளுத்த நீலம், தாரணியின் வயதுதான் வண்டிக்கும். ஏழுமலை, தாரணி, கன்னியப்பன் மூவரும் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். கன்னியப்பனுக்கு எண்பது நெருங்குகிறது. கைத்தடி, மடங்காத கால், வாய் மட்டும் அப்படியே இருந்தது.

நான் போய் பானெட்டில் கையை வைத்தேன். சுட்டது.

"நாளைக்கு வரேன்," என்று திரும்பி நடந்தேன்.

ஏழுமலை முகத்தில் தீபாவளி! "அப்ப வேணாம்தானே மேடம்?"

"சூடா இருக்குன்னுதான் திரும்பினேன். வேணாம்னு எப்ப சொன்னேன்?"

விற்கும் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் கழுவிக்கொண்டு வந்தேன் என்றார். பாவம், உண்மையாகவே இருக்கலாம். தாரணிதான் அவரிடம் போய், "அண்ணா, நாளைக்குக் காலைல நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, சாவி அப்பாகிட்ட இருக்கட்டும்" என்றாள். கெட்டிக்காரி! சாவி அப்பாவிடம். அதை நான் கவனித்தேன்.

மறுநாள் பானெட் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆனதும் ஒரு வாய் புகை, அப்புறம் சுத்தம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். ஏரியை ஒட்டிய இடம், அதனால் இரண்டு பெல்ட்டையும் மூக்கருகில் வைத்தே பார்த்தேன். சேறும் இல்லை, வாடையும் இல்லை. இடது கதவில் காந்தம் நழுவியது, பட்டி பூசியிருக்கிறார்கள், பெரிய விஷயமில்லை. டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருஷமும் அச்சடித்திருக்கும். தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. நாலும் குப்பை.

எல்லாம் முடிந்த பிறகு தாரணியைக் கூப்பிட்டேன். "கேட்டுக்கோ. இதுல ஏர்பேக் கிடையாது. பிரேக் போட்டா வழுக்காம காப்பாத்தற ஏ.பி.எஸ். கிடையாது. புது வண்டி உன் தப்பைக் கொஞ்சம் மன்னிக்கும், இது மன்னிக்காது. பார்ட்ஸ் கிடைக்க அலையணும். இன்னும் கொஞ்ச நாள்ல மறுபதிவு இருக்கு. நாலு டயரும் மாத்தணும். பிரேக்குல ரப்பர்னு என்னவெல்லாம் இருக்கோ, நல்லா இருந்தாலும் அத்தனையும் மாத்தணும். எதுக்கு உனக்கு இந்த வண்டி? உங்க அப்பா சின்ன வயசுல வச்சிருந்தாருன்னா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல ஆன்ட்டி," என்றாள். "எனக்குப் புடிச்சிருக்கு. சண்டே ஆனா பிரிச்சுப் பாக்கணும், சேக்கணும், ஓட்டணும். அவ்ளோதான். புடிச்சதுக்கு ஒரு ரீசன் வேற சொல்லணுமா?"

எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கிரீஸ் பூசிய கையோடு நான் நின்றபோது என்னையும் எல்லோரும் காரணம்தான் கேட்டார்கள்.

"சரி ஆன்ட்டி, சொல்லுங்க. நான் வாங்கலாமா, கூடாதா?"

கன்னியப்பன் கைத்தடியைத் தட்டினார். "சொல்லுமா. இவன் மூஞ்சப் பாக்காத."

"வண்டி நல்ல வண்டி," என்றேன். "டயரும் பிரேக் ரப்பரும் மாத்தின பிறகு தாராளமா ரோட்டுல ஏறலாம். வண்டியைப் பத்தி என்கிட்ட கேட்டே, சொல்லிட்டேன். நீ வாங்கலாமான்னு உங்க அப்பாகிட்ட கேளு. அது என் வேலை இல்ல."

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தோம். வியர்த்துக் கொட்டியது அவனுக்கு. சாவி கையிலேயே இருந்தது. அவனிடம் எந்த நியாயமும் எடுபடாது என்று எனக்குத் தெரியும். பயத்தை வாயால் பேசி இறக்க முடியாது.

"பிரேக்கை நான் இன்னும் பார்க்கலை," என்றேன். "எனக்கு முட்டி வலி. நீ உள்ள உக்காரு. ஸ்டார்ட் பண்ணி மிதி. மிதிச்ச காலை எடுக்காதே."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே உட்கார்ந்தான். ஸ்டியரிங்கைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு மிதித்தான். நான் கதவில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தேன். துவரம்பருப்பை எப்படி வறுக்க வேண்டும், சின்ன வெங்காயம் எவ்வளவு, நெய்யை எப்போது ஊற்ற வேண்டும். தாரணி எனக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் கன்னியப்பனைப் பார்த்தாள். ஏழுமலைக்கு மட்டும் தெரிந்தது. அன்றைக்குத் தூணில் சாய்ந்து நின்று இதே பேச்சைக் கேட்டவன்தானே. அவன் கண் முழுக்கத் தன் காலிலேயே இருந்தது. நான் சமையலை முடித்து, பரிமாறி, இலையையும் எடுத்துவிட்டேன்.

"எறங்கல மேடம்," என்றான்.

"வச்சிரு."

"எறங்கவே இல்ல மேடம்." கண் கலங்கியிருந்தது. "அப்டியே நிக்கிது."

"அப்பா, போதும்ப்பா, காலை எடு," என்றாள் தாரணி.

அவன் எடுக்கவில்லை. மடியில் இருந்த கை மேலே போய் ஸ்டியரிங்கைப் பிடித்தது. இன்னொரு கை கியரைத் தடவியது. யாரையும் பார்க்காமல் கேட்டான். "இதுல கிளட்ச்சு ரொம்ப டைட்டா இருக்குமோ?"

"லைசென்ஸ் இருக்காடா உனக்கு?" என்றேன்.

"அது கீது மேடம். முடியறப்பல்லாம் ரினியூவல் பண்ணிகினே தான் வரேன்." கூச்சமாகச் சிரித்தான். "எதுக்குப் பண்றேன்னு எனக்கே தெரியாது."

"கேட் வரைக்கும்தான். இந்த டயரோட ரோட்டுல ஏறக்கூடாது."

தலையாட்டினான். "தாரணி, இந்தப் பக்கமா ஏறு. கிளட்ச்சை எப்டி உடறேன்னு பாத்துக்க. நாளைக்கி நீ ஓட்டறதுதானே." வாங்கலாம் என்று அவன் சொன்னது அவ்வளவுதான். அவள் குதித்துக்கொண்டு ஓடி, முன் சீட்டுக் கதவில் கை வைத்தாள்.

கைத்தடி குறுக்கே வந்து விழுந்தது.

"நீ பின்னால போ பாப்பா," என்றார் கன்னியப்பன். அவள் சீட்டை மடக்கிப் பின்னால் நுழைந்ததும், மடங்காத காலை முதலில் உள்ளே விட்டு, மெல்ல முன் சீட்டில் இறங்கி, பெல்ட்டை இழுத்து மாட்டினார். "பூந்தமல்லி கூட்டிகினு போறேன் வா மாமான்னு சொன்னான் உங்கப்பன். நான் இன்னும் போய்ச் சேரல. இன்னிக்கி கேட்டு வரிக்கும் போட்டும். டயர மாத்தினதும் மீதிய உடுவான்."